மூன்று டிராமும் மேலுக்குக் கொஞ்சமும்

கணக்கைத் தப்பாகப் போட்டவளை உலகம் மன்னித்துவிடும். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுக் கையால் கெடுத்தவளை மன்னிக்கவே மன்னிக்காது. நான் இரண்டாவது ரகம். எங்கள் வகையறாவில் இதைச் சொல்லிச் சொல்லி இன்னமும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இருந்த நர்சுகளெல்லாம் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களுக்குப் பரீட்சை வைத்து நர்சு வேலை படிக்க எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூட டீச்சர் சொன்னார். நான் எட்டாவது தேறிவிட்டு, எடப்பாடிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் சும்மா திரிந்துகொண்டிருந்தேன். அப்பா இல்லை. காடு கரை, மாடு கன்று எல்லாம் பெரியப்பா பொறுப்பு. நானும் அந்தப் பட்டியலில் சேர்த்திதான்.

சேந்தமங்கலத்து அத்தை மகனுக்கு என்னைக் கட்டுவது என்று நான் நடை பழகும்போதே பேசி முடித்திருந்தார்கள். அத்தை மகன் கெட்டவர் இல்லை. ஆடுகளைப் பற்றி மட்டும்தான் பேசுவார், அவ்வளவுதான். (என்னைவிட ஆடுகள் அவரை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தன.) நான் சோறு தின்னாமல் அடம்பிடித்ததில் பெரியப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"பரிச்சையில தேறுனாப் படி சாமி. தேறலீன்னா தையில கல்யாணம். அப்பறம் மூச்சு உடக் கூடாது."

"செரிங்க பெரீப்பா" என்றேன். தேறாமல் போவேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு திமிர்.

திமிருக்குக் காரணம் இருந்தது. மருந்து அளக்க அறுபது மினிம் ஒரு டிராம், எட்டு டிராம் ஒரு அவுன்ஸ் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்ததை நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாடு தலையாட்டும். அது போதும் எனக்கு.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு சேலம் போய்ச் சேர்ந்தோம். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று பெரியப்பாவை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பரீட்சை நடத்தியவர் வெள்ளைக்கார மேட்ரன். வேதப் புத்தகத்தில் இருப்பதுபோல் தமிழ் பேசுவார். ஒரு அவுன்ஸ் நீரில் நாலு கிரெயின் எடை மருந்து கரைந்திருக்கிறது, நோயாளிக்கு ஒன்றரை கிரெயின் கொடுக்க வேண்டும், எத்தனை டிராம் ஊற்றுவாய் என்பது கேள்வி. ஒரு கிரெயினுக்கு இரண்டு டிராம், அப்படியானால் ஒன்றரைக்கு மூன்று. மற்ற பெண்கள் விரல் மடக்கிக்கொண்டிருக்கும்போதே நான் எழுதி முடித்துவிட்டேன்.

மேட்ரன் பார்த்து, "மிகவும் நன்று. இப்பொழுது இந்த நோயாளிக்குக் கொடு" என்றார்.

நோயாளி என்பது ஆஸ்பத்திரித் தோட்டக்காரர். கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்தியிருந்தார்கள். மருந்து என்பது வெல்லத் தண்ணீர். டிராமுக்கு ஒரு கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் மூன்றாவது கோடு வரை ஊற்றினேன். மயிரிழை பிசகவில்லை. அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எங்கள் வீட்டில் களத்துக் கூலி அளப்பது என் வேலை. படியைத் தலை தட்டிக் கொடுப்பது எங்களுக்குக் கேவலம். குவித்து அளந்து, அதற்கு மேலேயும் ஒரு கை அள்ளிப் போட வேண்டும். மோராக இருந்தாலும் படி நிறைந்த பிறகு பானையை இன்னொரு தரம் சாய்க்காவிட்டால் வாங்குகிறவள் முகம் சுருங்கிப்போகும். அந்தப் பாழாய்ப்போன கை, மூன்று டிராம் ஆனதும், தானாக இன்னொரு தரம் சாய்ந்தது. தோட்டக்காரர் மடக்கென்று குடித்துவிட்டார்.

"ஏன் அதிகமாக ஊற்றினாய்?" என்றார் மேட்ரன்.

"மேலுக்குக் கொஞ்சமுங்க. நோவுல கெடக்கற மனுசனுக்கு அளந்தாப்பல குடுக்கறது நல்லாருக்காதுங்க."

இப்படி ஒரு பதிலை ஒரு மேட்ரனிடம் சொன்ன வாயை இப்போதும் அறையலாம் போலிருக்கிறது. அந்தம்மாள் முகம் சிவந்துவிட்டது. கட்டிலைக் காட்டி, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பெண்ணே, இந்த மனிதனை நீ கொன்றுவிட்டாய். இவர் மரித்துப்போனார்."

நாடகத்தை நாடகமாக விட்டிருக்கலாம். அந்தத் தோட்டக்காரர் இருக்கிறாரே, அவருக்கு மேட்ரன்மேல் என்ன பக்தியோ, உடனே கண்ணை மூடி, மூச்சையும் பிடித்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் பிளந்து வைத்துக்கொண்டார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பெரியப்பாவின் முகம். மறு நிமிஷம் உள்ளே ஆண்கள் வரக்கூடாது என்பதையெல்லாம் மிதித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கொன்னு போட்டயா சாமி? வா, போலீசு வாரதுக்குள்ள போயரலாம்."

"அது நெசமில்லீங்க பெரீப்பா. அவரு தோட்டக்காரருங்க."

"தோட்டக்காரன்னா உசுரு இல்லியா?"

இழுத்த இழுப்பில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். வழியெல்லாம் அது வெல்லத் தண்ணீர் என்று தொண்டை வறளக் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. என்னை வாயை மூடச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புகையிலை வியாபாரியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்றால், டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பஸ்ஸில் ஒரு ஆள் செத்தான். எடப்பாடிச் சந்தையில் அது வார்டு முழுக்க ஆயிற்று. சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது ஒரு துரையும் செத்திருந்தார். அத்தை சொல்லியனுப்பினாள்: "கட்டுன மக்யா நாளே எம்பையன மேல அனுப்பிப் போடுவா. எங்களுக்கு வேண்டாமுங்க."

கல்யாணம் நின்றதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் நின்ற காரணம் வயிற்றெரிச்சல். கணக்குத் தெரியாமல் ஆளைக் கொன்றவள் என்றல்லவா ஊரெல்லாம் பேச்சு? கிணற்றடியில் பொம்பளைகள் என் குடத்திலிருந்து தண்ணீர் வாங்க யோசித்தார்கள். அதன் பிறகு ஒரு மாப்பிள்ளையும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. அடுத்த வருஷம் பெரியப்பாவே என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய், மேட்ரனிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "இவள நீங்களே வெச்சுக்குங்க. வெளிய உட்டா எங்களுக்குப் பயமா இருக்குதுங்க."

மேட்ரன் சிரித்தார். (அப்போதும் நான் சிரிக்கவில்லை.) மறுபடி பரீட்சை வைத்தார்கள். சாய்த்துப் பழகிய வலது கையில் குவளையைக் கொடுத்து, அதை மனசுக்குள் திட்டிக்கொண்டே இடது கையால் ஊற்றித் தேறினேன். பிறகு பிள்ளை பிறக்கிற வார்டிலிருந்து காலரா வார்டு வரைக்கும் எல்லாம் பார்த்தேன். என் கையால் மருந்து குடித்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர்கூட எங்கள் சொந்தக்காரர் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால் நாமக்கல்லுக்குப் போவார்கள்.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த அத்தை மகன் என்னைத் தேடிப் பிடித்துவிடுவார். சம்பந்தி வீட்டாரிடம் இழுத்துக்கொண்டு போய், "இவுங்கதானுங்க என் உசுரக் காப்பாத்துனவங்க" என்பார்.

"அப்பிடீங்களா, எந்த ஆசுபத்திரீலீங்க?" என்று அவர்கள் மரியாதையாகக் கேட்பார்கள்.

"ஆசுபத்திரியெல்லாம் இல்லீங்க. என்னையக் கட்டிக்காம உட்டாங்க."

பந்தியே குலுங்கும். காப்பாற்றப்பட்டது யார் என்று அவரிடம் ஒரு தடவை பட்டென்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் துடிக்கிறது. பக்கத்து இலையில் அவர் சம்சாரம், அவர் ஆடுகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, வாயை மூடிக்கொள்கிறேன்.