பெலிகனின் மனைவி

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு கற்பனைக் கதைதான் எழுதியிருக்கிறேன். அது வெளியான இடம், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. விண்ணப்பப் படிவம்.

செங்கல்பட்டில் பி.எஸ்சி. விலங்கியலை ஒருவழியாக முடித்திருந்தேன். மேலே படிக்காவிட்டால் ஏதாவது கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போக வேண்டும். கம்பெனி பஸ் எங்கள் ஊரான கருங்குழிக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே வந்துவிடும் என்று கேள்விப்பட்டதும், எனக்குக் கல்வியின் மேல் தீராத தாகம் உண்டானது.

வன உயிரியல் படிப்புக்கு விண்ணப்பித்தேன். 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நண்பன் டில்லிபாபு பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னான். ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கம் என்பதைச் சும்மா விடலாமா? 'ஐந்து வயதிலிருந்து, பதினைந்து ஆண்டுகளாக வலசைப் பறவைகளை நேரில் கவனித்துக் குறிப்பெடுத்து வருகிறேன்' என்று எழுதினேன். (முப்பது ஆண்டுகள் என்று போடச் சொன்னான். என் வயது இருபது என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.)

உண்மை என்னவென்றால், என் அம்மா வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பைனாகுலர் வாடகைக்கு விடுபவர். சீசனில் நானும் கடையில் உட்காருவேன். கண் மட்டும் செல்போனை விட்டு நகராது.

நேர்காணலுக்கு அம்மாவும் வந்தார். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை என்னிடம் தர அவருக்குத் தைரியமில்லை. வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் துறைத் தலைவி. என் கட்டுரையை ரசித்துப் படித்ததாகச் சொல்லிவிட்டு, குறிப்பேடு எங்கே என்று கேட்டார். மழையில் நனைந்துவிட்டது என்றேன். பதினைந்து வருடக் குறிப்பும் ஒரே மழையிலா என்று பக்கத்தில் இருந்த ஒல்லிப் பேராசிரியர் விசாரித்தார். பெரிய மழை என்றேன்.

துறைத் தலைவி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு பறவை. நீளக் கால், மஞ்சள் அலகு. எனக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு பெயர்தான் வாயில் வந்தது.

"பெலிகன், மேடம்."

அவர் அடுத்த படத்தைக் காட்டினார். தாடைக்குக் கீழே பை தொங்கும் பெரிய பறவை. இதுதான் பெலிகன் என்று பார்த்ததுமே புரிந்தது. ஆனால் கையிருப்பில் இருந்த பெயரை ஏற்கெனவே செலவழித்துவிட்டேனே.

"இது பெண் பெலிகன், மேடம்."

மூன்றாவதாக, மரக்கிளையில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு குட்டையாக ஒரு பறவை. இவ்வளவு தூரம் வந்த பிறகு குடும்பத்தைப் பிரிக்க மனம் வரவில்லை.

"அவங்க குஞ்சு."

ஒல்லிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். தோள்கள் குலுங்கின. துறைத் தலைவி மட்டும் முகத்தை மாற்றாமல் சர்டிபிகேட்டுகளைக் கேட்டார். அம்மாவிடம் இருப்பதாகச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

அம்மா பையைத் திறந்தவர், திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், நம்ம ஏரி போட்டோவா கீது? இது வக்கா. பகல்ல இப்டிதான் தூங்கிகினு இருக்கும், பொழுது சாஞ்சாதான் மேய்ச்சலுக்குப் போவும்."

துறைத் தலைவி முந்தைய படங்களையும் காட்டினார். மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா என்று அம்மா தமிழில் சொல்லி, வாடிக்கையாளர்களிடம் பிடித்துக்கொண்ட இங்கிலீஷ் பெயர்களையும் சேர்த்துச் சொன்னார். முதலில் வருவது நத்தைகுத்தி நாரைதான் என்றும், மழை தள்ளிப்போன வருடம் எது எத்தனை நாள் தாமதித்தது என்றும் விளக்கினார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

துறைத் தலைவி என் கட்டுரையை எடுத்து, பதினைந்து வருடமாக உங்கள் பையன் கவனித்த பறவைகளாமே என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அம்மாவுக்குத் துளியும் இல்லை. அதனால்தான் அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

"இவனா? கடையாண்ட உக்காந்தா செல்ல நோண்டிகினு இருப்பான். பாத்துகினு கீறவ நானு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன எழுதியிருப்பேன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. டீ டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் இன்னொரு மழையைப் பெய்ய வைக்க முடியவில்லை. எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். இவ்வளவும் எங்கள் கடை வாசலிலேயே நடந்திருக்கிறது, நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லையே என்பது இப்போதுதான் உறைக்கிறது என்றும் சொன்னேன்.

"இன்னிக்கு நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் சரி" என்றார் துறைத் தலைவி.

திரும்பும் வழியில், தாம்பரம் தாண்டும்வரை அம்மா சர்டிபிகேட்டுகளை எடுத்து எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். "என்னைக் கேட்டிருந்தா நெசமாவே எழுதிக் குடுத்திருப்பேனேடா" என்றார் பிறகு. அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவது பட்டியலில் கடைசியில் இருந்தது. கூடவே துறைத் தலைவியிடமிருந்து ஒரு நிபந்தனை: சீசன் முழுக்க ஞாயிறுதோறும் ஏரியில் குறிப்பெடுத்து, திங்கட்கிழமை காட்ட வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். நான் வேகமாக எழுதவில்லை என்று திட்டும் வாங்கினேன்.

இப்போது நானே ஒரு கல்லூரியில் பறவையியல் நடத்துகிறேன். ஆனால் வேடந்தாங்கலில் அந்தப் பட்டத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. உங்கள் மகன் இதைப் படித்தவராமே என்று யார் கேட்டாலும், பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே அம்மா சொல்வார்:

"சீட்டு எனக்குதான் குட்தாங்க. கடைய வுட்டுப் போவ முடியல, அதான் இவன அனுப்சேன்."