எங்கள் வீட்டில் மணி எப்போதும் மூன்று ஐம்பது

ஏழு மாதம் நான் தினமும் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபம் செய்தேன். அதாவது, என் சேனலில். வீட்டில் அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, வாலிபர் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் இதை மறைத்துப் பயன் இல்லை. எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கொஞ்சம் மசாலா சேர்ப்பார்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். சேலையூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் போனில் யாரோ ஒருவர் வசனம் சொல்லும் வீடியோவைப் பார்த்தேன். 'இது நமக்கும் வருமே' என்று தோன்றியது. (தோன்றும்போதே யாராவது என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம்.) 'நான்கு மணித் துணை' என்று சேனலுக்குப் பெயர் வைத்தேன். தினமும் அதிகாலை நான்கு மணிக்கு ஒரு வசனம், ஒரு சின்ன ஜெபம்.

முதல் ஒன்பது நாள் உண்மையாகவே எழுந்தேன். பத்தாம் நாள் தூங்கிவிட்டேன். பதினோராம் நாள் ஒரு வசதி கண்ணில் பட்டது. வீடியோவை முன்பே எடுத்து வைத்து, நான்கு மணிக்குத் தானாக வெளிவரும்படி செய்யலாமாம்.

அதோடு நின்றிருந்தால் பாவம் சின்னது. நான் நிற்கவில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் வாரத்துக்கான ஏழு வீடியோவையும் ஒரே மூச்சில் எடுப்பேன். ஏழு சட்டை. ஜன்னலில் வெயில் தெரியாமல் ஒரு கனமான போர்வை. பின்னால் இருக்கும் சுவர்க் கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, முள்ளை மூன்று ஐம்பதில் வைத்துவிடுவேன்; எடுத்து முடித்ததும் பேட்டரியைப் போட்டு மறுபடி ஓடவிடுவேன். ஓடாத பொருளை ஓடவைத்துப் பிழைக்கிறவன், ஓடுகிற கடிகாரத்தை நிறுத்திப் பேர் வாங்கினேன்.

போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் மகள் பெனிட்டா. ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் கேட்டாள்.

"அப்பா, மதியம் ரெண்டு மணிக்கு 'விடியுமுன் எழுந்து வந்திருக்கிறேன்'னு சொல்றீங்க. இது பொய் இல்லையா?"

"இது பொய் இல்லம்மா, செட்டிங். கிறிஸ்துமஸ் நாடகத்துல நீ ஆட்டுக்குட்டியா வந்தியே, நீ என்ன ஆடா?"

"என்னை யாரும் நிஜ ஆடுன்னு நம்பலையேப்பா."

"போனை ஆடாம பிடி" என்று சொல்லிவிட்டேன். பதில் இல்லாதபோது அப்பாக்கள் இப்படித்தான் வேலை சொல்வோம்.

ஆனால் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். முடிச்சூரில் இருக்கும் கிரேஸ் அக்கா. அவர் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். உடம்பில் புண் வராமல் இருக்க, அதிகாலையில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்காக எழுந்திருக்கும்போது என் வீடியோவைப் பார்ப்பார். கீழே தினமும் ஒரே வரி எழுதுவார்: "ஆமென் பிரதர். நானும் முழிச்சிருக்கேன்."

ஒருமுறை நீளமாகவே எழுதினார். "அந்த நேரத்துல ஊரே தூங்குது பிரதர். இன்னொருத்தரும் முழிச்சிருக்கார்னு நினைச்சா ஒரு தெம்பு." அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. (உறுத்தியிருக்க வேண்டும். நிறைந்தது.)

ஈஸ்டர் வந்தது. எங்கள் சபையில் அன்று அதிகாலை நான்கு மணிக்கு ஆராதனை. போதகர் ஐயா முந்தின ஞாயிறே அறிவித்துவிட்டார்: "தினமும் நாலு மணிக்கு முழங்காலில் நிற்கிற நம்ம ஜான்சன் பிரதர்தான் இந்த முறை ஆரம்ப ஜெபம் பண்ணுவார்." சபையே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது தாழ்மை என்று நினைத்தார்கள்.

கிரேஸ் அக்காவும் எழுதினார்: "என் தங்கச்சி வந்து அவரைப் பார்த்துக்குது. நான் உங்க சபைக்கே வரேன். உங்களை நேர்ல பார்க்கணும்."

சனிக்கிழமை மதியம் வழக்கம்போல வீடியோ. ஈஸ்டருக்கென்று விசேஷமாக ஒன்று: "பிரியமானவர்களே, இதோ மணி நான்கு. நான் ஆலயத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்." கடிகாரத்திலிருந்து கழற்றிய பேட்டரி இந்த முறை என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. அந்தச் சட்டை மற்ற ஆறு சட்டைகளோடு துவைக்கப் போய்விட்டது. போன் சைலண்டில், ஸ்டாண்டிலேயே ஒரு மூலையில் நின்றது. ஜன்னலில் போர்வையும் அப்படியே தொங்கியது.

ஞாயிறு மூன்றே காலுக்கு என் மனைவி ஜெசியும் பெனிட்டாவும் பாடகர் குழுவுக்காக முன்னால் கிளம்பினார்கள்.

"என்னங்க, எந்திரிச்சிட்டீங்களா?"

"எந்திரிச்சிட்டேன்" என்றேன், கண்ணைத் திறக்காமல். "நீங்க போங்க. பின்னாடியே வரேன்."

கொஞ்ச நேரத்தில் விழிப்பு வந்தது. சுவரைப் பார்த்தேன். மூன்று ஐம்பது. சபை பின் தெருவில்தான், நடந்தால் ஐந்து நிமிடம். எழுந்து, ஜன்னலே இல்லாத எங்கள் குளியலறையில் குளித்தேன். வந்து பார்த்தேன். மூன்று ஐம்பது. பரவாயில்லையே, இன்று கையும் காலும் சுறுசுறுப்பாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஷேவ் செய்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். காபி போட்டு நிதானமாகக் குடித்தேன். மறுபடியும் பார்த்தேன். மூன்று ஐம்பது.

பிள்ளைகளே, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை நிறுத்தியது நான்தான் என்பது அப்போதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒருகாலத்தில் தம் ஜனங்களுக்காகச் சூரியனையே நிற்க வைத்த ஆண்டவர், இன்று ஜான்சனுக்காக நேரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கண் கலங்கி ஸ்தோத்திரம் சொன்னேன். கதவைத் திறந்தேன்.

தெருவில் வெயில்.

கீழ்வீட்டு அம்மா கோலம் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன சார், சர்ச் முடிஞ்சு வந்துட்டீங்களா?"

உள்ளே ஓடிப் போனை எடுத்தேன். ஆறு இருபது. ஜெசியிடமிருந்து பதினோரு அழைப்பு.

நான் இல்லாத நேரத்தில் நடந்ததைப் பெனிட்டா பிறகு சொன்னாள். நான்கு மணிக்குப் போதகர் ஐயா, "ஜான்சன் பிரதர் முன்னாடி வாங்க" என்றாராம். யாரும் வரவில்லை. சரியாக அப்போது ஆறேழு போன்களில் 'டிங்' என்று சத்தம். யாரோ ஒரு தாத்தா தெரியாமல் அமுக்கிவிட்டார். ஆலயம் முழுக்க என் குரல்: "இதோ மணி நான்கு. நான் ஆலயத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்." அதற்குப் பின்னால், சனிக்கிழமை மதியம் எங்கள் தெருவில் வந்த ஒலிபெருக்கி வண்டியின் குரல், தெளிவாக: "பழைய இரும்பு, பிளாஸ்டிக்கு, உடைஞ்ச சேரு, பழைய பேப்பரேய்..."

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிந்து, எல்லோரும் வாசலில் டீயும் பன்னுமாக நின்றிருந்தார்கள். ஆட்டோ ஓட்டும் தேவாதான் ஆரம்பித்தார்.

"இன்னா பிரதர், உங்க ஏரியால நாலு மணிக்கே பழைய இரும்பு எடுக்க வந்துடுறானா? பேஜாரா கீதே. மனுசன் எப்பிடித் தூங்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில், கையில் பன்னோடு, நீலப் புடவையில் ஒருவர் நின்றிருந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கிரேஸ் அக்கா.

"பிரதர், நீங்க தூங்குனதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "நானே சில நாள் அசந்துடுவேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இத்தனை மாசமும் நாலு மணிக்கு நான் மட்டும்தான் முழிச்சிருந்தேனா?"

அலாரம் அடிக்கவில்லை, உடம்பு சரியில்லை என்று வழியெல்லாம் தயார் செய்த காரணம் ஐந்தாறு இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"ஆமாக்கா" என்றேன். அந்த முதல் ஒன்பது நாளுக்குப் பிறகு நான்கு மணியைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை.

அவர் பன்னை இரண்டாகப் பிய்த்துப் பாதியை நீட்டினார். "சாப்பிடுங்க. வெறும் வயித்தோட ஓடி வந்திருப்பீங்க."

"இல்லக்கா. காபி குடிச்சிட்டுதான் வந்தேன்."

இரண்டாவது உண்மை. அதற்குத்தான் அவர் சிரித்தார்.

அன்று பகல் பதினொரு மணிக்கு ஒரு வீடியோ எடுத்தோம். போர்வையைக் கழற்றினேன், கடிகாரத்துக்குப் புதுப் பேட்டரி போட்டேன். பெனிட்டா போனைப் பிடித்தபடி, "முதல்ல மணியைச் சொல்லுங்கப்பா" என்றாள். சொன்னேன். ஏழு சட்டையையும் வரிசையாகக் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

பார்த்தவர்களில் பாதிப் பேர் சேனலை விட்டுப் போனார்கள். சிலர் திட்டினார்கள், திட்டியது நியாயம். ஆனால் நடுவில் ஒரு பதில் வந்தது: "அண்ணா, நான் பள்ளிக்கரணையில் ஃபிளாட்ஸ் செக்யூரிட்டி. நாலு மணிக்கு நிஜமாவே முழிச்சிருக்கேன். அந்த அக்காவோட பேசலாமா?" பிறகு தாம்பரத்திலிருந்து ஒரு நர்ஸ் எழுதினார். பிறகு பால் பாக்கெட் போடும் ஒரு தம்பதி. கிரேஸ் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஆள் என்று பிரித்துக்கொண்டோம். இப்போது தினமும் நான்கு மணிக்கு அவர் போன் அடிக்கிறது. அவர் கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்வரை ஸ்பீக்கரில் ஒருவர் கூடவே ஜெபிக்கிறார். சேனலுக்கு நான் வைத்த பெயரை இந்த முகம் தெரியாத ஆட்கள்தான் உண்மையாக்கினார்கள்.

எனக்குப் புதன்கிழமை மட்டும். அதற்கு மேல் என் உடம்பு தாங்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். (புதன்கூட ஜெசி தண்ணீர் தெளித்துத்தான் நடக்கிறது.)

பிள்ளைகளே, நீங்களும் நாளைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஆண்டவரைப் பற்றிப் பேசப் போவீர்கள். பேசுங்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். நீங்கள் சொல்வதை நம்பிக்கொண்டு எங்கோ ஒருவர் விழித்திருக்கிறார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இருட்டில் எழ முடியாவிட்டால், "மணி பதினொன்று, இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஆண்டவர் அந்த நேரத்திலும் கேட்கிறார்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கதை முடியவே இல்லை. மீன் வாங்கிய விலையை நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னாலும் போதும், பெனிட்டா சுவரைப் பார்த்து, "அப்பா, இப்ப மணி என்ன?" என்பாள். "மூணு அம்பது" என்று சமையலறையிலிருந்து ஜெசி பதில் சொல்வாள். புதன்கிழமை அதிகாலையில் போனை எடுத்ததும் கிரேஸ் அக்கா கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றுதான்.

"பிரதர், பழைய இரும்பு வண்டி வந்துடுச்சா?"

"இன்னும் வரலக்கா" என்பேன். "இருட்டாத்தான் இருக்கு."