நாற்பது முறை தேடினால் முதல் பக்கம்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதனால் என்ன? நம்பிக்கை படியேறி வரும். கீழே மரச்சாமான் கடை, மேலே வாடகைக் கூடம், நடுவில் நாற்பத்து நான்கு படிகள். படிக்கு இருவராக மெத்தைக் கடைக்காரர், பல் மருத்துவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், நாய்களுக்கு முடி வெட்டிவிடும் அம்மாள் என்று நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நோய்: அவர்களுடைய வலைத்தளம் தேடுபொறியில் ஒன்பதாம் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே மனித நடமாட்டமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே வைத்தியர்: தேடல் ஆசான்.

"எங்க பக்கத்துக் கடைக்காரர் மச்சான் ஒரே வாரத்துல முதல் பக்கம் வந்துட்டாராம்" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்குறது? சொன்னாங்க."

அந்த 'சொன்னாங்க' போதும். வரிசை இன்னும் இரண்டு படி நீண்டது.

கேள்வி கேட்டவனுக்கும் அது போதுமாக இருந்தது. நெஞ்சோடு ஒரு தடிமனான நாவலை அணைத்தபடி நின்ற அவனை அக்கா 'மேகம்' என்றுதான் கூப்பிடுவாள். கால் தரையில் பாவாத பிறவி. அவன் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு. பனி கொட்டும் ரயில் நிலையத்தில் யாரோ யாருக்காகவோ காத்திருப்பார்கள், நானூறு பக்கம் கழித்தும் ரயில் வராது. அக்காவின் தையல் மிஷின் ரிப்பேர் கடைக்கு வலைத்தளம் எழுதச் சொன்னபோது அவன் எழுதிய முதல் வரி: 'நின்றுபோன ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு குளிர்காலம் உறைந்திருக்கிறது.' மூன்று மாதத்தில் அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவன். இன்னொருத்தி அக்கா, அவளும் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

போகும்போது கெடு வைத்துவிட்டுத்தான் போனாள். "மாசக் கடைசிவரைக்கும் பாப்பேன். உன் தளத்தைப் பாத்துட்டு முன்னப்பின்ன தெரியாத ஒரே ஒரு ஆள் மிஷினைத் தூக்கிட்டு வரணும். இல்லேன்னா கடையைப் பூட்டிட்டு ரெடிமேட் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்."

பதினோரு வருடம் ஒற்றை ஆளாக நின்று அவள் நடத்திய கடை. அதைக் காப்பாற்றத்தான் மேகம் படியேறினான்.

ஆசான் வந்தார். காதோரம் மைக், முகத்தில் பாதித் தூக்கம். மேகத்தின் மடிக்கணினி மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "உள்ள ஒரு சொல் தூங்குது" என்றார். பிறகு எழுப்பியும் விட்டார்: 'துல்லியத் தையலியந்திர மறுவாழ்வு மையம்.' அதைத் தளத்தின் தலையில் எழுதச் சொன்னார். ஒரு வாரம் கழித்து எல்லார் முன்னாலும் தேடிக் காட்டினார். முதல் பக்கம். முதல் இடம்!

கூடம் கைதட்டியது. மேகத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உலகத்தில் வேறு எவனும் எழுதாத ஒன்றைத் தேடினால், எழுதியவன் முதலில் வராமல் வேறு யார் வருவார்கள்? ஒற்றை ஆள் ஓடிய பந்தயத்தில் தங்கப் பதக்கம். வெளிநாட்டுத் துப்பறியும் நாவல்களில் கொலைகாரனை எழுபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும் மேகத்துக்கு இது தோன்றவே இல்லை.

அடுத்தது விரதம். காலையில் எழுந்ததும், யாரோடும் பேசாமல், ஆசானின் செயலியைத் திறந்து அந்தச் சொல்லை நாற்பது முறை தேட வேண்டும். அந்தச் சொல்லை உலகம் அன்று எத்தனை முறை தேடியது என்று செயலிக்குள்ளிருக்கும் 'சக்திமானி' காட்டும்.

முதல் நாள் மேகம் நாற்பது முறை தேடினான். சக்திமானி நாற்பது காட்டியது.

"அக்கா! நாப்பது பேர் தேடியிருக்காங்க!"

மறுநாள் பதற்றத்தில் எண்பது முறை தேடினான். சக்திமானி எண்பது காட்டியது.

"ரெண்டு மடங்கு!"

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள். "நூத்தியிருபது பேர் தேடியும் ஒருத்தர்கூட வாசல்ல நிக்கலியேடா?"

"அவங்க யோசிச்சிட்டிருக்காங்க."

"நாளைக்கு நீ தேடாம இரு."

"ஐயோ, சக்தி இறங்கிடும்!"

"இறங்கட்டும். யார் ஏத்துறாங்கன்னு தெரிஞ்சுடும்."

மேகம் கேட்கவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை அவனோடு கிளம்பிவிட்டாள், கையில் மிஷின் எண்ணெய்க் கறையோடு.

கூடத்தில் பெரிய திரையில் எல்லாருடைய சொற்களுக்கும் சேர்த்து ஒரே எண் ஓடிக்கொண்டிருந்தது. எழுபது பேரும் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். எண் குதித்துக் குதித்து ஏறியது.

அக்கா எழுந்தாள். "சார், இது உலகம் பூரா தேடுறதுதானே?"

"உலகம் முழுக்க, அம்மா!"

"அப்ப இங்க இருக்கிற எழுபது பேர் பத்து நிமிஷம் சும்மா இருந்தா உலகம் நின்னுடாதே?" திரும்பினாள். "எல்லாரும் போனை நாற்காலியில வச்சு அது மேல உக்காருங்க."

சிரித்தபடியே உட்கார்ந்தார்கள். பல் மருத்துவர் கொஞ்சம் நெளிந்தார். திரையில் 2816. ஒரு நிமிடம். 2816. மூன்று நிமிடம். 2816. உலகம் மூச்சுவிட மறந்துவிட்டது. ஆசான் துண்டெடுத்து நெற்றியைத் துடைத்தார்.

2817.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" ஆசான் துள்ளினார். கூடமும் துள்ளியது.

அக்கா மட்டும் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே ஒருவனுடைய வலது கை அவனுடைய தொடைக்கு அடியில் இருந்தது.

"மேகம். கையை எடு."

எடுத்தான். காதுவரை சிவந்திருந்தான். "சக்தி இறங்கிடுமேன்னு... ஒரே ஒரு தடவைதான்க்கா..."

அதற்கப்புறம் ஏழு நிமிடம் 2817 அசையவே இல்லை. மோசடியை அம்பலப்படுத்திய பெருமையில் பாதி தனக்குத்தான் என்று மேகம் பிற்காலத்தில் சொல்லிக்கொள்வான். யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

"நாமளே தேடி நாமளே எண்ணிட்டிருந்தோமா?" என்றார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் மெதுவாக.

"அவநம்பிக்கை உள்ள இடத்துல சக்தி நிக்காது!" என்றார் ஆசான். அவரும் நிற்கவில்லை. காதோர மைக்கை அணைக்க மறந்து இறங்கினார். நாற்பத்து நான்கு படியும் ஒலிபெருக்கியில் கேட்டது, கடைசியில், "வேனை எடுடா, வேனை எடு!"

கடைக்குத் திரும்பியதும் அக்கா மேசை இழுப்பறையைத் திறந்தாள். ரிப்பேருக்கு வந்த மிஷின்களில் கட்டியிருந்த சீட்டுகள், வந்தவர்கள் சொன்னது சொன்னபடி: 'அடி நூல் கொத்துக் கொத்தா சிக்குது.' 'மிதிச்சா சத்தம் மட்டும் வருது, துணி நகரல.' 'ஊசி பட்டுபட்டுன்னு உடையுது.'

"கடையில வந்து இப்படிச் சொல்றவங்க போன்லயும் இதைத்தானேடா அடிப்பாங்க? மறுவாழ்வு மையம்னு எவ அடிப்பா?"

மேகம் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தான். ஆட்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்கள் என்ற பதினோரு வருட ஆராய்ச்சி, அவன் சாப்பிடுகிற மேசையின் இழுப்பறையில். குளிர்காலத்தை அழித்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பக்கம் எழுதினான்: ஏன் அப்படி ஆகிறது, வீட்டிலேயே எதைச் சரிபார்க்கலாம், எப்போது கடைக்குக் கொண்டுவர வேண்டும்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் ஒரு பெண் மூச்சு வாங்க மிஷினைக் கொண்டுவந்து வைத்தாள். "'அடி நூல் சிக்குது'ன்னு போட்டேன். உங்க கடை வந்துச்சு."

"முதல் இடத்துலயா?" மேகத்தால் வாயை அடக்க முடியவில்லை.

"அதெல்லாம் யார் பாத்தா? நாலாவதோ அஞ்சாவதோ. என் மிஷினுக்கு என்னன்னு எழுதியிருந்துது, வந்தேன்."

அக்கா சீட்டெடுத்து எழுத ஆரம்பித்தாள். ரெடிமேட் கம்பெனியின் விண்ணப்பத் தாள்தான் அன்று மிஷின் எண்ணெய் துடைக்கப் பயன்பட்டது.

சேதி பரவி மறுநாளே மெத்தைக் கடைக்காரர் வந்து அந்தச் சீட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். "இந்தச் சீட்டுல இருக்கிறதை நாள் ஒண்ணுக்கு எத்தனை தடவை தேடணும்மா?"

"ஒரு தடவைகூட வேண்டாம். உங்க கடைக்கு வர்றவங்க என்ன சொல்லிக் கேக்குறாங்கன்னு பத்து நிமிஷம் உக்காந்து யோசிச்சாப் போதும்."

"எந்தத் திசையைப் பாத்து உக்காரணும்?"

மேகம் சிரிக்கவில்லை. அவனும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தான்.

"திசை எதுவா இருந்தா என்ன?" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி. "போன் மேல உக்காருங்க. தலை தானா வேலை செய்யும்."