முப்படையும் ஒரு மூலைச் சாக்கடையும்

ஒரு நாடு பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு ராணுவம் வேண்டும். ராணுவத்துக்குச் செலவு வேண்டும். அந்தச் செலவு போதாது என்று அவ்வப்போது எடுத்துச் சொல்ல ஓர் ஆய்வு மையம் வேண்டும். ஆய்வு மையத்துக்கு மூன்றாவது மாடியில் ஜன்னல் திறக்காத ஓர் அறை வேண்டும். இதிலெல்லாம் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அப்படிப்பட்ட ஓர் அறையில் உட்கார்ந்துதான் நம் ஆய்வாளர், இதுவரை நடக்காத போர்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று ஆராய்ந்து வந்தார்.

தெருவில் அவருக்கு நல்ல மரியாதை. ஊசி போட்டுக்கொள்ளும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர் என்றாலும், ராணுவச் சங்கதி தெரிந்தவர் என்று பால்காரர் கூட ஓர் அடி தள்ளி நின்றுதான் பேசுவார். அந்த மரியாதை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகவில்லை. கீழ்த்தளத்து முன்னறையில் அவர் மனைவி தையல் கடை வைத்திருந்தாள். மூன்று மெஷின், ஒரு நீள மேசை, சுவரெல்லாம் துணி. உண்மையைச் சொன்னால், வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மெஷின்களின் புண்ணியத்தில்தான். ஆய்வாளர் ஒப்பந்த ஊழியர். அவருடைய சம்பளமும் அவர் ஆராய்ந்த போர்களைப் போலத்தான், வரும் வரும் என்பார்கள், வராது.

கடைக்கு எதிரே, தெரு திரும்பும் மூலையில், ஒரு சாக்கடை. அது அடைத்துக்கொண்டு ஒரு மாமாங்கம் ஆகிறது. போன மழைக்குத் தண்ணீர் கடைக்குள் வந்து, ஒரு மெஷினின் மோட்டாரைத் தின்றுவிட்டுத்தான் வெளியே போனது.

"ஏங்க, இந்த மழைக்கும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா, நான் மெஷினையெல்லாம் ஏத்திக்கிட்டு எங்க அக்கா ஊருக்கே போயிடுவேன். அங்கயே கடை போட்டுக்கறேன். நீங்க இங்க இருந்து நாட்டைக் காப்பாத்துங்க," என்றாள் மனைவி.

அவள் சொன்னால் செய்கிறவள். ஆய்வாளருக்கு மனைவி மேல் உயிர். தவிர, சுடுதண்ணீர் வைப்பதைத் தாண்டி அவருக்குச் சமையலும் தெரியாது. மறுநாளே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மாநகராட்சிப் பொறியாளரைப் போய்ப் பார்த்தார்.

"நிதி இல்ல சார்," என்றார் பொறியாளர், நாற்காலியைக் கூடக் காட்டாமல்.

"ஒரு ஆள் வந்து குத்திவிட்டாப் போதுமே."

"ஆள் இருக்கார். அவரை அனுப்பக் கணக்குல ஒரு தலைப்பு வேணுமே. சாக்கடைங்கிற தலைப்புல இந்த வருஷம் ஒண்ணும் ஒதுக்கல. எல்லாம் பாதுகாப்புக்குப் போயிடுச்சு." பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பூங்காக்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நீரூற்று கேட்டாங்க, முடியாதுன்னுட்டாங்க. 'எதிரி விமானிகளின் கவனத்தைத் திசைதிருப்பும் நீர்த்தூண்'னு மாத்தி எழுதினாங்க, ரெண்டாக் குடுத்துட்டாங்க. நூலகத்துல புது நாற்காலி பாத்தீங்களா? 'முற்றுகைக் காலத்தில் குடிமக்கள் அமைதியாக அமர்வதற்கான ஏற்பாடு'. நீங்க அந்த ஆபீஸ்லயே இருக்கீங்க. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே."

ஆய்வாளருக்குக் கண் திறந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, 'நகர்ப்புற நீர்வழிகளின் போர்க்காலத் தயார்நிலை' என்று ஓர் ஆய்வறிக்கை எழுதினார். அதன் வாதம் மிகவும் நேர்மையானது. போர் மூண்டால் நம் டாங்கிகள் எல்லைக்குப் போக வேண்டும். பெரிய சாலை வழக்கம்போல நெரிசலில் நிற்கும். ஆகவே டாங்கிகள் குறுக்குத் தெருவில் புகும். தையல் கடை மூலையில் தேங்கிய தண்ணீரில் முதல் டாங்கி சறுக்கி நிற்கும். பின்னால் வருவதெல்லாம் அதன் முதுகில் முட்டி நிற்கும். டிரைவர்கள் இறங்கி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கும்போது தலைநகரம் எதிரியின் கைக்குப் போய்விடும். ஆகவே அந்த அடைப்பை உடனடியாக எடுத்தாக வேண்டும்.

ஆய்வு மையத்தின் இயக்குநர் எந்த அறிக்கையிலும் சுருக்கத்தைத் தாண்டிப் போனதில்லை. இதில் இருந்த வரைபடத்தை மட்டும் பார்த்தார்.

"சிவப்பு பத்தலையே. இப்படிப் பச்சைப்பசேல்னு இருந்தா எவன் பயப்படுவான்?"

"சேத்துடறேன் சார்."

"அப்புறம், சாக்கடைன்னு ஒரு வார்த்தை வருது. அதை எடுத்துடுங்க. அமைச்சர் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் படிப்பார்."

சாக்கடை போய் 'கேந்திர நீர்வழி' வந்தது. கூடவே அடைப்பும் போய் 'தற்போதைய நிலை' ஆனது. ஆமை வேகத்துக்குப் பேர்போன அரசாங்கம் முயலாகப் பாய்ந்தது. அந்த வாரமே தெரு முனையில் ஒரு லாரி வந்து நின்றது. ஆய்வாளர் மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா, வந்துட்டாங்க," என்று மார்தட்டிக்கொண்டார்.

லாரியிலிருந்து மணல் மூட்டைகள் இறங்கின. முள்கம்பி இறங்கியது. கடைசியாகத் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் இறங்கினான். அமைச்சகத்தின் முடிவு தெளிவானது: நாட்டின் தலையெழுத்தே இந்த நீர்வழியில் இருக்கிறது என்றால், முதலில் அதைப் பாதுகாக்க வேண்டும், பாதுகாப்பது என்றால், தற்போதைய நிலை கலையாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டு நாள் கழித்து, புது அறிக்கையைத் தலைப்பாகக் காட்டிப் பொறியாளர் அனுப்பிய மாநகராட்சி ஆள் நீளக் கழியோடு வந்தார். சிப்பாய் மறித்தான்.

"எங்க வந்தே?"

"சாக்கடை எடுக்கங்க."

"அப்படி ஒண்ணு இங்க இல்ல."

"அதோ தெரியுதே."

"தெரியுதா? உனக்குத் தெரியறதுக்கு அனுமதி இருக்கா?"

மாநகராட்சி ஆள் அனுபவசாலி. கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் மூக்கைப் பொத்தக்கூடாது என்றானது. பொத்தினால், எதற்காகப் பொத்துகிறார் என்ற கேள்வி வருகிறது அல்லவா? ஆனாலும் தெருக்காரர்கள் வருத்தப்பட்டார்கள் என்று சொன்னால் அது பொய். மாடி வீட்டுக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க தெரு சாதாரணத் தெரு இல்லீங்க, எதிரியோட வரைபடத்திலேயே இருக்கு," என்று நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய கையோடு வாடகையையும் ஏற்றினார்.

தையல் கடைக்குத்தான் அடி. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களைச் சிப்பாய் நிறுத்தினான். கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் எதற்காக அளவெடுக்கிறார் என்பது நியாயமான கேள்விதானே? அளவு நாடா 'நில அளவைக் கருவி' என்று பறிபோனது. இடுப்புச் சுற்றளவைச் சிப்பாய் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம் என்று விதி வந்தது. அதற்கப்புறம் கடைக்கு யார் வருவார்கள்?

"கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி. "மழைக்கு முன்னாடி இதைச் சரிபண்ணலன்னா, நான் சொன்னது சொன்னதுதான்."

ஆய்வாளர் ராப்பகலாக யோசித்து இரண்டாவது அறிக்கை எழுதினார். மேற்படி நீர்வழிக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அது வெறும் சாக்கடை, முதல் அறிக்கை தவறு என்று பட்டவர்த்தனமாக ஒப்புக்கொண்டார். இயக்குநருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அமைச்சகம் அதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தது. எதிரியை ஏமாற்ற இதைவிடச் சிறந்த பொய்யை யாராலும் எழுத முடியாது என்று பாராட்டி, அதை நாலு மொழியில் அச்சடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஆய்வாளரை நிரந்தர ஊழியர் ஆக்கியது. காவலுக்கு இன்னும் நான்கு வண்டி மணல் மூட்டை வந்து இறங்கியது.

மழை ஒரு நண்பகலில் பிடித்துக்கொண்டது. சிப்பாய்க்கு மழைக்கோட்டு இன்னும் ஒதுக்கப்படவில்லை. அவன் மாடி வீட்டுப் படிக்கட்டில் ஏறி ஒதுங்கி, அப்படியே தூங்கிப்போனான். மணல் மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து சாக்கடை வாயில் விழுந்தன. தண்ணீர் கடைப் படியை நக்கியது. மனைவி மெஷின்களைப் பார்த்தாள். அக்கா ஊருக்குப் பஸ் பிடிக்கும் நேரம் இல்லை இது. உடையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரைச்சீலைக் கம்பியை உருவிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மூட்டைகளை இழுத்துப் போட்டாள். கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தாள். அழுகிய பாய் ஒன்று வந்தது. யாருடையதோ தலையணை வந்தது. ஏதோ ஒரு தேர்தலின் பிளாஸ்டிக் பதாகை, வேட்பாளர் கும்பிட்டபடியே வந்தார். அவர் வெளியே வந்ததும் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. மூன்று மெஷினும் தப்பின. அவள் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து காலர் தைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வந்த ஆய்வாளர், தண்ணீர் வடிந்த தெருவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான். வேற யாரு செய்வா?"

அவர் அப்படியே மேசைமேல் உட்கார்ந்துவிட்டார். அமைச்சகத்தின் விதிப்படி, தற்போதைய நிலையைக் கலைப்பது தேசத்துரோகம். அந்தச் சொல்லை அறிக்கையில் போட்டதே அவர்தான். அக்கா ஊருக்குப் போய்விடுவாளோ என்று பயந்தவருக்கு, இப்போது அக்கா ஊர் சொர்க்கமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை விசாரணைக்கு ஒரு மேஜர் வந்தார். கம்பீரமான ஆள், ஆனால் ஒரு பூட்ஸின் அடித்தோல் பிளந்து, ஒவ்வோர் அடிக்கும் வாயைத் திறந்து மூடியது. கடையிலேயே விசாரணை நடந்தது. மாடி வீட்டுக்காரர் கூப்பிடாமலே ஆஜரானார்.

"தண்ணி வடிஞ்சிருக்கு. யாரோ கை வச்சிருக்காங்க," என்றார் மேஜர்.

"எங்க தெருவுல யாரும் இல்ல சார்," என்றார் மாடி வீட்டுக்காரர் அவசரமாக. "இத்தனை வருஷமா அது நாறுது. ஒருத்தராவது தொட்டிருப்போமா? எங்க மேல ஒரு பழிச்சொல் வந்ததில்ல."

"மாநகராட்சியையும் கேட்டுட்டேன். நாங்க ஒருநாளும் செஞ்சதில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க," என்றார் மேஜர்.

மெஷினை நிறுத்திவிட்டு மனைவி நிமிர்ந்தாள். "எதுக்குச் சுத்தி வளைக்கறீங்க? நான்தாங்க எடுத்தேன். திரைச்சீலைக் கம்பியால."

ஆய்வாளர் வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்தத் துறைம்மா?"

"தையல்."

"அப்ப நீங்க செஞ்சிருக்க முடியாதே. உங்களுக்கு அந்த அதிகாரமே கிடையாது." அவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "பழியைத் தன் மேல போட்டுக்கிட்டுத் தெருவைக் காப்பாத்தப் பாக்கறீங்க. நல்ல மனசு. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் வந்திருக்கான். யாரும் கேக்கல. எவன்கிட்டயும் கையெழுத்து வாங்கல. அடிக்கல் இல்ல, மாலை இல்ல, போட்டோ இல்ல. வேலையை மட்டும் முடிச்சுட்டுப் போயிட்டான். இது நம்ம ஆளுங்க செய்யற வேலையா?"

எல்லாரும் மனசாட்சியைத் தொட்டு யோசித்தார்கள். இல்லைதான்.

"அப்ப எதிரி," என்றார் ஆய்வாளர், கண்ணைத் திறந்து. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எதிரிதான். நீங்களே ஒரு அறிக்கை எழுதிடுங்க," என்று எழுந்த மேஜர், பூட்ஸைப் பார்த்துத் தயங்கினார். "ஏம்மா, தையல்னு சொன்னீங்களே, இதுல ரெண்டு தையல் போட முடியுமா? புதுசு கேட்டோம். பூட்ஸுக்கும் தேசப் பாதுகாப்புக்கும் தொடர்பு இருக்கறதா நிரூபிக்கலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பணமெல்லாம் நீரூற்றுக்குப் போயிடுச்சாம்."

அவள் தடித்த ஊசியை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அளவு நாடாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

'எதிரியின் ஊடுருவல்: ஒரு கள ஆய்வு' வெளியாகி ஊரே பரபரத்தது. எதிரி பட்டப்பகலில் தலைநகருக்குள் நுழைந்து, சாக்கடையைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு துரும்பைக் கூட எடுக்காமல் போய்விட்டான் என்று மக்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். காவல் போதவில்லை என்று இயக்குநர் முகத்தில் சோகமும் மனதில் சந்தோஷமுமாக அடுத்த நிதிக்கு எழுதிப்போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருக்காரர்கள் பத்துப் பேர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார்கள். பயந்துபோய் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவர் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார்.

"அதெல்லாம் இல்ல சார்," என்றார் முன்னால் நின்ற மளிகைக் கடைக்காரர். "எங்க தெருவுலயும் சாக்கடை அடைச்சிருக்கு. தெருவிளக்கு எரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எதிரி எங்க தெருவுக்கு எப்ப வருவான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

"வர்றவருக்குச் சாப்பாடு நாங்க குடுத்துடறோம்," என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண்.

"ஒரு மனு எழுதிக் குடுக்கணும்னாலும் குடுக்கறோம். யார் பேருக்கு எழுதறதுன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் இன்னொருவர்.

ஆய்வாளர் இப்போது நிரந்தர ஊழியர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எதிரிக்கு நீங்க நேரடியா எழுதக்கூடாது. உரிய வழியாத்தான் போகணும். எங்க ஆபீஸ்ல குடுங்க, நாங்க அனுப்பி வைக்கிறோம்."

மளிகைக் கடைக்காரரின் முகம் விழுந்துவிட்டது. அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

"உங்க ஆபீஸ் வழியாவா?" என்றார். "அப்ப எதிரி வந்த மாதிரிதான்."