பம்பாயிலிருந்து எத்தனை மணி நேரம்?

கரமனை, திருவனந்தபுரம்
பிப்ரவரி, 1937

பம்பாய் மாதுங்காவில் சகல க்ஷேமத்துடன் இருக்கும் அத்திம்பேருக்கு, மைத்துனி சூடாமணி அனேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். என் மனசு மட்டும் இல்லை.

நீங்கள் சொன்ன வரன் ஸ்ரீகண்டன் செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்க வந்தார். பத்து நாளில் நிச்சயதார்த்தம் என்று அப்பா நாள் குறித்துவிட்டார்; அதுவரை அவர் இங்கே உறவினர் வீட்டில்தான் தங்கல். அதற்குள் நீங்கள் உண்மையைக் கண்டுபிடிக்காவிட்டால், நான் ஒரு பொய்யரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆயுசு முழுக்கத் தலையாட்ட வேண்டியதுதான்.

அவர் பம்பாயிலிருந்து தபால் விமானத்தில் வந்தாராம். தெருவே எங்கள் கூடத்தில் கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பிச்சுமணி மாமா, "பறந்தா வந்தேள்? எத்தனை நேரமாச்சு?" என்றார். மாப்பிள்ளை வாயைத் திறக்குமுன் அப்பா, "ஒன்பது மணியாக்கும், ஓய்! எண்ணூறு மைல்!" என்றார். காபி ஆறுவதற்குள் சாலை பஜார் கடைக்காரர் தாணுமாலயம் பிள்ளை வந்தார். அவருக்கு அப்பா சொன்னது ஏழு மணி நேரம். விளக்கேற்றும்போது ஜோசியர் வந்தார், அவருக்கு, "நாலரைதான், கேட்டேளா! காத்து பின்னாலேர்ந்து தள்ளிடுத்து!" ஸ்ரீகண்டன் குனிந்த தலை நிமிரவில்லை. அடக்கம் என்றாள் அம்மா. அப்பாவிடம் வேளைக்கொரு கதை அளந்தவர் எப்படி நிமிர்வார் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் அட்லாஸை விரித்து நூல் வைத்து அளந்தேன். மைல் சரிதான், ஆனால் விமானம் மணிக்கு நூறு மைல் போகும் என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன், வழியில் கோவா, கண்ணூர் என்று இறங்கி ஏற வேண்டும், ஒன்பதே போதாது, நாலரை என்றால் அவர் தபால் பையோடு அல்ல, பீரங்கிக் குண்டோடு வந்திருக்க வேண்டும். வந்த அன்று அவர் கோட்டுக் காலரில் கரித்தூள் வேறு. ஆகாயத்தில் கரி ஏது? அவர் மறுபடி வந்தபோது, மேலேயிருந்து கண்ணூர் எப்படித் தெரிந்தது என்று அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "கண்ணூரை நான் பார்த்ததே இல்லை," என்றார். "அத்தனை வேகம்!" என்றார் அப்பா.

ஆகையால் ஜுஹு விமான மைதானத்துக்குப் போய், பிரயாணிகள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத் தந்தி அடியுங்கள். 'உண்டு', 'இல்லை', ஒரு வார்த்தை போதும். அக்காவிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைக்கு நூறு முத்தம்.

தங்கள் அன்புள்ள,
சூடாமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஸ்ரீகண்டனே வந்துவிட்டார். அப்பா வீட்டில் இல்லை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை மணி நேரம் என்று நானே கேட்டேன்.

"மூணு நாள். ரெண்டு ரயில். செங்கோட்டை மலைக் குகைக்குள்ள ரயில் போறச்சே ஜன்னலைச் சாத்த மறந்துட்டேன், கோட்டெல்லாம் கரி."

"பின்னே விமானம்?"

"வாசல்ல கால் வெக்கறச்சயே உங்கப்பா, 'இன்னிக்குத்தானே தபால் விமானம் வந்தது, அதிலயா?'ன்னார். நான் பதில் சொல்றதுக்குள்ள எதிர்வீட்டு மாமாகிட்டச் சொல்லியாச்சு. நாலு பேர் நடுவுல அவரைப் பொய்யராக்க மனசு வரலை. உன்கிட்ட மறைச்சுட்டு நிச்சயம் பண்ணிக்கவும் மனசு வரலை."

ஜுஹுவுக்குப் போக வேண்டாம், அத்திம்பேர். எனக்குச் சம்மதம். அக்காவோடு நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிடுங்கள். வாசலில் கால் வைக்கும்போதே, ரயிலில் வந்தோம் என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் தாமதித்தாலும், நீங்கள் மூன்று மணி நேரத்தில் வந்தவராகிவிடுவீர்கள்.