யானைப் படத்துக்கு ஓவர்டைம்

ஐம்பத்திரண்டு வயதில் பொம்மைப் படம் பார்க்கப் பொய் சொல்லிவிட்டுப் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

'துப்பறியும் தும்பிக்கை' காமிக்ஸ் என்றால் எனக்கு உயிர். யானைதான் போலீஸ். தடயத்தை முகர்ந்தால் தும்மல் வரும். தும்மினால் திருடன் பக்கத்து ஊரில் போய் விழுவான். மச்சினி கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தேன். இனி காமிக்ஸ் பக்கமே போகமாட்டேன் என்று என் மனைவி கார்த்திகா அன்றே மாமனார் முன்னால் சத்தியம் வாங்கிவிட்டாள்.

இருபது வருஷம் காப்பாற்றினேன். இப்போது அதைப் படமாக எடுத்துவிட்டார்கள். மனுஷன் என்ன செய்வான்?

ஞாயிறு காலைக் காட்சி. "ஓவர்டைம்" என்றேன். ஆவடி ஃபேக்டரியில் அது சகஜம். யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு. கார்த்திகா ஒரு கேள்வி கேட்காமல் நாலடுக்குக் கேரியரைக் கையில் கொடுத்தாள். பால்காரரையே குறுக்கு விசாரணை செய்கிறவள். நான்தான் உஷாராகியிருக்க வேண்டும்.

அம்பத்தூர் தியேட்டர் வாசலில் செக்யூரிட்டி கேரியரைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஊட்டையே தூக்கினு வந்துகீற? வெளிச் சாப்பாடு உள்ள போவாது. துன்னுட்டு வா."

அவள் வறுத்த உருளைக்கிழங்கைக் கொட்ட மனசு வரவில்லை. ஸ்கூட்டர்களுக்கு நடுவே குந்திச் சாப்பிட்டேன். மூன்றாவது அடுக்கைத் திறக்கும்போது எங்கள் மேனேஜர் பேத்திகளோடு வந்தார். யூனிஃபார்மை மேலும் கீழும் பார்த்தார். "டியூட்டியா அழகேசன்?" என்றார். விக்கிக்கொண்டது. விக்கல் நின்று உள்ளே போனால் இடைவேளை.

வீட்டுக்குக் களைத்த முகத்தோடு வந்தேன். கார்த்திகா புதுப்புடவையில் நின்றாள்.

"வேலை ஜாஸ்தியாங்க?"

"முதுகு ஒடிஞ்சிடுச்சு கார்த்தி."

"பாவம். ஓவர்டைம் லிஸ்ட் வியாழக்கிழமையே குவார்ட்டர்ஸ் லேடீஸ் குரூப்ல வந்துடுச்சு. உங்க பேர் இல்ல. லிஸ்ட்தான் தப்பு போலன்னு விட்டுட்டேன்."

நான் கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றினேன்.

"இருபது வருஷம் சத்தியத்தைக் காப்பாத்தினாரே, போனாப் போகுதுன்னு அந்த யானைப் படத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தேன். சாயங்கால ஷோ."

"முதுகு இப்ப பரவாயில்ல கார்த்தி."

"ஒடிஞ்ச முதுகை மூணு மணி நேரம் உட்கார வைக்கிறதாவது. எதிர்வீட்டு சாவித்திரி வர்றா. அரிசி ஊறியிருக்கு, ஆட்டி வச்சிடுங்க."

படத்தின் முதல் பாதியை மறுநாள் சாவித்திரியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.