முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

ஊரே வாயைப் பிளந்து பார்த்த ஒரு மாயாஜாலப் படத்துக்கு டிக்கெட் வாங்கிப் போய், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். குதிரை பறந்ததாம், மந்திரவாதி மலையைத் தூக்கினானாம். எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

யுத்த காலம். அரியலூரில் புதிதாக வாத்தியார் வேலை கிடைத்து, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயசு. விக்கிரமங்கலத்திலிருந்து என் தாய்மாமா வந்தார். கதவைச் சாத்திவிட்டு ரகசியம் சொன்னார்.

"டேய், பெரம்பலூர்ல ஒரு பொண்ணு. அவங்க வூட்டுல சனிக்கிழமை இங்க டென்ட் கொட்டகைக்கு வராங்க. ஒனக்குத் தெரியாம ஒன்னைப் பார்க்கணுமாம். பொண்ணும் வருது. நீ பெஞ்சியில உக்காந்துக்க. ஒண்ணும் தெரியாத மாதிரி சாதாரணமா இரு."

சாதாரணமாக இருப்பது எப்படி என்று அதுவரை நான் யோசித்ததில்லை. யோசித்த பிறகு அது வரவேயில்லை. இஸ்திரிச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் தலையணை கனத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் என்று கிளம்பினேன். (இருட்டில் புத்தகம் எதற்கு என்கிறீர்களா? ஒற்றை மெஷின் கொட்டகை. ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். அப்போது படிக்கலாமே!)

முன்னால் மணல், அப்புறம் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. பெண்களுக்குப் பக்கவாட்டில் தட்டி மறைத்துத் தனி இடம். நாற்காலியில் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு ஒருவர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். இவர்தான் மாமனார் என்று முடிவு கட்டினேன். பெண் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஆக, ஒரே முகத்தை இரண்டு திசையிலும் காட்டியாக வேண்டும். படம் ஆரம்பித்ததிலிருந்து என் கழுத்து ஓரிடத்தில் நிற்கவில்லை.

சோதனையாக, எனக்கு நேர் பின் பெஞ்சில் ஒருவர் கரிப்புகை படிந்த பெரிய தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார்.

"பெரியவரே, தலைப்பாகையைக் கொஞ்சம் கழட்டுறீங்களா? மறைக்குது."

"யாருக்குத் தம்பி?"

"எனக்குத்தான்."

"நான் ஒனக்குப் பின்னாடில்ல உக்காந்திருக்கேன்? படம் முன்னாடில்ல ஓடுது?"

மறைவது என் முகம் என்று சொல்ல முடியுமா? ரகசியமாயிற்றே. அடுத்த ரீலுக்கு விளக்கு எரிந்ததும் எழுந்து நின்றே புத்தகத்தைப் பிரித்து, புருவத்தை நெரித்தேன். விளக்கு அணைந்தும் உட்காரவில்லை.

"உக்காருய்யா! ஒன் மூஞ்சியைப் பார்க்கவா டிக்கெட் வாங்கிட்டு வந்தோம்?" என்று ஒரு குரல்.

(சிலர் அதற்குத்தான் வந்திருந்தார்கள் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?)

உட்கார்ந்தேன். ஆனால் முழுசாகத் திரும்பி, ஜரிகைக்காரரைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தேன். அவர் முறைத்தார். இன்னும் அடக்கமாகச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் பூதம் கர்ஜித்தது. பூதமெல்லாம் காமிராத் தந்திரம் என்று வகுப்பில் பாடம் நடத்தியவன், பூதத்தைவிடப் பெரிய குரலில் "ஐயோ அம்மா!" என்று துள்ளி, மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒருவர் மடியில் போய் விழுந்தேன். புத்தகம் வேறொருவர் தலையில். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

தலைப்பாகைக்காரர்தான் தூக்கிவிட்டு, சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "பயப்படாதே தம்பி, அது துணியை விட்டு எறங்கி வராது."

மறுநாள் மாமா வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஜரிகையாவது மண்ணாவது! அந்தாளு வெல்ல மண்டிக்காரன்டா. நாற்காலியில மூட்டைப்பூச்சின்னு பொண்ணோட அப்பா பெஞ்சிக்கு வந்துட்டாரு. ஒன்னைத் தூக்கி விட்டாரே, அவருதான். பையனுக்குக் கழுத்துல ஏதாச்சும் வியாதியான்னு கேக்கறாரு!"

பெட்ரோல் கிடைக்காமல் பெரம்பலூர் பஸ் கரியில் ஓடிய காலம். அதில் வந்தவர் மேல் புகை இருக்குமா, ஜரிகை இருக்குமா என்று இங்கிலீஷ் படித்தவனுக்குத் தோன்றவில்லை.

ஆசையை விட்டுவிட்டேன். ஆனால் சில நாளில் தகவல் வந்தது: பெண் சம்மதித்துவிட்டாளாம்! கல்யாணமும் நடந்தது. விழுந்தபோதும் என் முகத்தில் ஏதோ ஒரு களை இருந்திருக்கிறது என்று வெகுகாலம் நம்பினேன். என் பிள்ளைகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து விழுந்து நடித்துக் காட்டும்போதெல்லாம் அந்த நம்பிக்கைதான் என்னைத் தாங்கியது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அத்தனை பேருக்கும் முன்னால் மனைவியிடம் பெருமையாகக் கேட்டேன்: "அவ்வளவு நடந்தும் சரின்னு சொன்னியே, அப்படி என்னத்தைக் கண்டே எங்கிட்ட?"

அவள் முறுக்குப் பிழிவதை நிறுத்தவில்லை.

"நான் எங்க உங்களைப் பார்த்தேன்? படத்தையில்ல பார்த்துக்கிட்டிருந்தேன். பார்க்கலைன்னு சொன்னா அப்பா இனிமே சினிமாவுக்கே கூட்டிட்டுப் போக மாட்டாருன்னு, சரின்னுட்டேன்."